மொட்டை மாடிக்குக் கீழ் அறை, ஏ.சி. இல்லை: தஞ்சாவூர் விடுதி மாணவருக்கு ஒரு விரிவான பதில்

தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் கல்லூரி விடுதி. மூன்றாவது மாடி, அதுதான் கடைசி மாடி. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மூன்று பேர், ஒரு சீலிங் ஃபேன், ஒரு ஜன்னல். ஏ.சி. கிடையாது. நடு இரவு வரை தூக்கம் பிடிப்பதில்லை, ஃபேன் அனலைத்தான் இறக்குகிறது. மூன்று பேரும் காசு போட்டு ஏர் கூலர் வாங்கலாமா? நாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் தங்கைக்கும் அதையே சொல்லலாமா?

நான் கட்டடப் பொறியியல் பாடம் நடத்துகிறவன். விடுதிக் காப்பாளராகவும் இருந்திருக்கிறேன். இந்த வேதனையைப் பிள்ளைகளின் முகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் பார்த்திருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கூலர் விஷயத்தைப் பிறகு பார்ப்போம். காசு செலவழிக்கும் முன்னால் உங்கள் தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட்டைக் கவனியுங்கள்.

இன்று இரவு ஒன்பது மணிக்கு ஒரு சோதனை செய்யுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, அது முழுவதும் நின்ற பிறகு, கட்டில் மேல் ஏறி உள்ளங்கையைக் கூரையில் வையுங்கள். பிறகு பக்கத்து அறைக்கும் உங்களுக்கும் பொதுவான சுவரில் வையுங்கள். கூரை, இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இன்னும் சூடு விட்டுக்கொண்டிருக்கும். வெளியே வராந்தாவில் போய் நின்றால் காற்று ஓரளவு தணிந்திருக்கும். அதாவது வெளியே பொழுது ஆறிவிட்டது, உங்கள் அறை மட்டும் ஆறவில்லை.

காரணம் இதுதான். தஞ்சாவூர் ஏறக்குறைய 10.8 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 18ஐ ஒட்டிச் சூரியன் நமக்கு நேர் உச்சியில் வருகிறது. அந்த நாட்களில் சுவர்களைவிட மொட்டை மாடிதான் வெயிலை முழுசாக வாங்குகிறது. உங்கள் அறைக்கு மேலே உள்ள தளம் சுமார் 11 சதுர மீட்டர். தெளிவான ஏப்ரல் நாளில் அதன் மேல் விழும் வெயிலை மின்சாரக் கணக்கில் சொன்னால் 60 யூனிட்டுக்கு மேல். பழசாகிக் கறுத்த தளம் அதில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. நண்பகலில் மாடியின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடுவதும் உண்டு. அந்தச் சூடு தட்டோடு, அதன் அடியில் போட்ட செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை, கான்கிரீட் எல்லாவற்றையும் கடந்து உள்பக்கம் வந்து சேர நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். உச்சி வெயில் உங்கள் அறைக்குள் இறங்குவது மாலை ஆறு மணிக்குத்தான். அதன் பிறகு நடு இரவு வரை கூரை கீழே படுத்திருப்பவர்கள் மேல் அனலை வீசிக்கொண்டே இருக்கும். தரைத்தளத்து மாணவர்கள் அதே விடுதியில் போர்வை கேட்பதும் நீங்கள் மூன்று பேரும் புரண்டு புரண்டு படுப்பதும் இதனால்தான்.

ஆகவே முதல் வேலை கூரையில். இதில் மூன்று வழிகள் உண்டு.

சுண்ணாம்பு அடிப்பது முதல் வழி, என் கணக்கில் எல்லாவற்றிலும் சிறந்தது. புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு வெயிலில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கடையில் கிடைக்கும் வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பெயின்ட் இன்னும் நீடிக்கும், விலையும் அதிகம். மாணவர்கள் கையால் செய்ய முடிந்தது சுண்ணாம்பு. முதலில் மாடியைப் பெருக்கி, பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கின் மேல் அடித்தால் ஒரு மாதத்தில் பெயர்ந்துவிடும். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் வெள்ளை நன்றாக வரும். கல்லாக வாங்கினால் முந்தின இரவே தண்ணீரில் போட்டு நீற்ற வேண்டும். நீறும்போது கொதிக்கும், தெறிக்கும். அருகில் குனிந்து பார்க்கக் கூடாது, பிளாஸ்டிக் வாளியில் நீற்றக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். மறுநாள் பழந்துணியில் வடிகட்டி, பசைக்கு வடிகஞ்சி கலந்துகொள்ளுங்கள். விடுதிச் சமையலறையில் வடிகஞ்சிக்குப் பஞ்சமா? இல்லாவிட்டால் கொஞ்சம் ஃபெவிகால். தளத்தை லேசாக நனைத்துவிட்டு, தென்னை நார் மட்டையாலோ பெரிய பிரஷ்ஷாலோ மெல்லியதாக இரண்டு அல்லது மூன்று முறை அடியுங்கள். மாலை நேரத்தில் அடிப்பது நல்லது, வெயிலில் சட்டென்று காய்ந்தால் பொடியாக உதிரும். ஐப்பசி மழை இதில் பாதியைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே ஆண்டுதோறும் பங்குனியில் செய்ய வேண்டிய வேலை இது. அறைக்குள் இரண்டு மூன்று டிகிரி குறைவது சாதாரணமாக நடப்பதுதான். கூரையின் அடிப்பக்கச் சூடு அதைவிடக் கூடுதலாகக் குறையும். தூக்கத்தைக் கெடுப்பது அந்த அடிப்பக்கச் சூடுதான் என்பதால் உடம்புக்குத் தெரியும் சுகம் தெர்மாமீட்டர் காட்டுவதைவிட அதிகமாக இருக்கும்.

இதற்கு அனுமதி வேண்டும். காப்பாளரிடம் வாயால் கேட்காமல் கடைசி மாடி மாணவர்கள் எல்லாரும் கையெழுத்திட்டு ஒரு மனுவாகக் கொடுங்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. மனுவில் அதை ஒரு வரி எழுதலாம். ஆள்கூலி வேண்டாம், நாங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்துகொள்கிறோம், சுண்ணாம்பு மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டால் மறுக்கும் நிர்வாகம் அரிது.

இரண்டாவது வழி தண்ணீர். நம் ஊரில் மொட்டை மாடியில் பாய் விரிப்பதற்கு முன்னால் தண்ணீர் தெளிப்பது பழைய வழக்கம். அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எத்தனை பலமானது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. உங்கள் அறைக்கு மேலுள்ள ஐந்து அங்குலக் கான்கிரீட்டின் எடை மூன்று டன்னுக்கு மேல். அதை ஒரு டிகிரி குளிர்விக்க எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 2,800 கிலோஜூல். அதாவது ஒரு லிட்டர் தண்ணீர் தளத்தின் சூட்டை வாங்கியே முழுக்க ஆவியானால் தளம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக ஆறும். பாதி வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது என்று வைத்தாலும், பத்து லிட்டர் வாளியில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். குழாயைத் திறந்துவிட்டு மாடியைக் குளமாக்க வேண்டியதில்லை. கோடையில் அது அநியாயமும்கூட. வெயில் சாய்ந்த பிறகு ஆறு மணிக்கு ஒரு வாளியைப் பரவலாகத் தெளியுங்கள். அது காய்ந்ததும் ஏழு, ஏழரைக்கு இன்னொன்று. மெல்லிய ஈரம்தான் வேலை செய்யும், தேங்கிய தண்ணீர் வடிகுழாயில் போய்ச் சேரும். கூரையில் ஈரக்கறையோ துருப்பிடித்த கம்பியோ தெரிந்தால் இந்த வழி வேண்டாம். முதலில் அதைக் காப்பாளரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது வழி நிழல். தென்னங்கீற்றுக்கு டெல்டாவில் குறைவில்லை. மாடியில் கீற்றுப் பந்தல் போட்டால் கூரைக்கு வெயிலே படாது. ஆனால் விடுதியில் எனக்கு இது பயம். காய்ந்த கீற்று ஒரு நெருப்புப் பொறியில் பற்றிக்கொள்ளும், ஆடிக் காற்றில் பறக்கும். தனி வீட்டுக்குச் சரி, நூறு பிள்ளைகள் தூங்கும் கட்டடத்துக்கு வேண்டாம்.

அடுத்து ஜன்னல். பகல் முழுவதும் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போகிறீர்கள் அல்லவா? அதை மாற்றுங்கள். வெளிக்காற்று அறையைவிடச் சூடாக இருக்கும் நேரத்தில், அதாவது காலை ஒன்பது, ஒன்பதரையிலிருந்து மாலை வரை, மூடியிருக்கட்டும். இரவிலும் விடியற்காலையிலும் முழுக்கத் திறந்திருக்கட்டும். மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் மறைப்பை வெளிப்பக்கம் கட்ட வேண்டும். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து திரையைச் சுடவைத்து, அந்தச் சூடு அறைக்குள்ளேயே நின்றுவிடும். மூங்கில் தட்டியோ பழைய கோரைப்பாயோ வெளியே கம்பியில் கட்டினால் போதும். தெற்குப் பார்த்த ஜன்னல் என்றால் கவலையே இல்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இருபது தேதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது. பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு தெற்கு ஜன்னலை அடைத்து வைத்திருப்பார்கள்.

ஒரு ஜன்னல் மட்டும் திறந்தால் காற்று வராது. உள்ளே வரும் காற்றுக்கு வெளியே போக வழி வேண்டும். பெரும்பாலான விடுதிகளில் நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் அறைகள். உங்கள் கதவும் எதிர் அறைக் கதவும் இரண்டு ஜன்னல்களும் ஒன்றாகத் திறந்திருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். எதிர் அறைக்காரர்களோடு பேசி இரவில் இரண்டு கதவையும் திறந்து வைக்க ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கண்மறைவுக்கு ஒரு வேட்டியைத் திரையாகத் தொங்கவிடலாம், அடியில் ஒரு அடி இடைவெளி விட்டு.

கதவுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். நான் போய்ப் பார்த்த விடுதி அறைகளில் பெரும்பாலும் அதில் பழைய நாளிதழ் ஒட்டியிருக்கும், மேலே பெயின்ட் வழிந்து கெட்டித்துப்போயிருக்கும். யாரோ எப்போதோ நடைபாதை விளக்கு கண்ணில் படுகிறது என்று ஒட்டியது. சூடான காற்று கூரையை ஒட்டித்தான் சேரும். அது வெளியேற உள்ள ஒரே வழி அந்த வென்டிலேட்டர். தாளைக் கிழித்தெறிந்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திறந்து வையுங்கள். கொசு வரும் என்றால் நைலான் வலையை ஆணியடித்து விடுங்கள். கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி 1854இல் தொடங்கியது. அந்தக் காலத்துக் கட்டடங்களில் கூரை உயரமாக இருக்கும், சுவர் தடிமனாக இருக்கும், மேலே திறப்பு இருக்கும். நம் கிராமத்து முற்றம் வைத்த ஓட்டு வீடும் இதே தத்துவம்தான், சூடு மேலே போய் வெளியேறிவிடும். இப்போதைய பத்தடிக் கூரை அறைகளில் அந்த வேலையை ஓரளவாவது செய்வது இந்த ஒரு சின்னத் திறப்புதான்.

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் காரணம் பெரும்பாலும் கண்டென்சர். சாதாரண சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட். பழசானால் திறன் குறைந்து ஃபேன் தளர்ந்துவிடும். விலை சில பத்து ரூபாய்தான், ஆனால் மாற்றுவது விடுதி எலக்ட்ரீஷியனின் வேலை, நீங்கள் கை வைக்காதீர்கள். இறக்கையில் படிந்திருக்கும் தூசியையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கடைசி மாடியில் சீலிங் ஃபேனுக்கு ஒரு குறை உண்டு. கூரையை ஒட்டிய சூடான காற்றைத்தான் அது கீழே தள்ளும். அதனால் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்து, கதவைத் திறந்து விடுங்கள். அறையின் அனலை அது வெளியே தள்ளும், நடைபாதைக் காற்று உள்ளே வரும். படுக்கும்போது அதே ஃபேனைத் திருப்பி உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளலாம். மூன்று பேர் காசு போட்டு ஏதாவது வாங்குவதென்றால் நான் சொல்வது இந்த டேபிள் ஃபேனைத்தான்.

இப்போது கூலர். காற்று எத்தனை காய்ந்திருக்கிறதோ அத்தனைக்குத்தான் கூலர் குளிர்விக்கும். டெல்டா என்று ஒரே பெயரில் சொன்னாலும் கோடையில் இங்கே இரண்டு வானிலை. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறப்பது. சித்திரையில் வாய்க்கால் காய்ந்து, சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும்கூட எடுத்து முடிந்து, தரை வெடித்துக் கிடக்கும். திருச்சி, வல்லம், தஞ்சாவூர் பக்கம் பிற்பகலில் காற்று வறண்டிருக்கும். 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றை ஈரத்தால் அதிகபட்சம் 27 டிகிரி வரை இறக்கலாம். நல்ல கூலர் 30 டிகிரியில் காற்றைத் தரும். எட்டு டிகிரி லாபம். அதே கூலரை நாகப்பட்டினத்தில் இரவு வையுங்கள். 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். அங்கே இறக்கக்கூடிய எல்லையே 28 டிகிரி. கூலர் தருவது 29 அல்லது 30. மிஞ்சினால் மூன்று டிகிரிதான் லாபம், அதோடு அறை முழுவதும் ஈரம் ஏறி, வேர்வை காயாமல் புழுங்கும். தங்கைக்குக் கூலர் வேண்டவே வேண்டாம்.

உங்களுக்கோ பகலில் பயன்படும், ஆனால் பகலில் நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள். இரவு தஞ்சாவூரிலும் ஈரப்பதம் ஏறிவிடும், அப்போது லாபம் பாதியாகிவிடும். ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்துத்தான் கூலர் போட வேண்டும், மூடிய அறையில் போட்டால் அரை மணியில் குளியலறைபோல் ஆகிவிடும். தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கொட்டித் தேய்த்துக் காயவைக்காவிட்டால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். பல விடுதிகளில் கூலருக்கு அனுமதியும் கிடையாது. இத்தனையும் பார்த்தால் அந்தப் பணத்தைச் சுண்ணாம்புக்கும் டேபிள் ஃபேனுக்கும் செலவழிப்பது மேல்.

ஃபேன் முன்னால் ஐஸ் வைக்கும் யோசனையும் அடிக்கடி வரும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம் 334 கிலோஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவரின் உடம்பு ஒரு மணி நேரத்தில் வெளிவிடும் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மூன்று பேர் இருக்கும் அறையில் அந்த ஐஸ் இருபது நிமிடத்துக்குத்தான் காணும். அதே ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கழுத்திலோ அக்குளிலோ வைத்துக்கொண்டால் நல்ல பலன் உண்டு. அறையைக் குளிர்விப்பதைவிட உடம்பைக் குளிர்விப்பது எப்போதும் சுலபம்.

அதற்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த கருவி ஈரிழைத் துண்டு. நனைத்துப் பிழிந்து மார்பில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு நேராகப் படுங்கள். தடித்த டர்க்கித் துண்டு இதற்கு ஆகாது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பை மூடிவிடும். மெல்லிய இழைதான் காயும், காய்வதால்தான் குளிரும். அரை மணி அது வேலை செய்தால் தூக்கம் வந்துவிடும், பிறகு துண்டு காய்ந்தாலும் பரவாயில்லை.

குளியல் விஷயத்தில் ஒரு தொல்லை. மாலையில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி பகல் முழுவதும் வெயிலில் நின்றிருக்கிறது. அதனால் விடியற்காலையிலேயே ஆளுக்கு ஒரு வாளி பிடித்து, தட்டு போட்டு மூடி, கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுங்கள். மூடியே வைக்க வேண்டும், கூலர் தொட்டிக்குச் சொன்ன கொசு இதற்கும் வரும். இரவு பத்து மணிக்கு அந்த வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு, உடம்பை முழுக்கத் துவட்டாமல் லேசான ஈரத்தோடு ஃபேனுக்கு அடியில் வாருங்கள்.

படுக்கையும் முக்கியம். ஃபோம் மெத்தை உடம்புச் சூட்டை வெளியே விடாது. கோடைக்கு அதைச் சுருட்டி வைத்துவிட்டுக் கோரைப்பாய் விரியுங்கள். காவிரிக் கரையில் முசிறிப் பக்கம் நெய்யும் பாய்கள் தஞ்சாவூர்க் கடைகளிலேயே கிடைக்கும். கட்டிலைவிடத் தரை இன்னும் நல்லது. கீழ் அறையின் கூரைதான் உங்கள் தரை, அதில் வெயில் படவில்லை. மாலையில் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, காய்ந்ததும் பாய் போடுங்கள். கொசுவலை காற்றைத் தடுக்கும்தான், ஆனாலும் வலையை விட்டுவிடாதீர்கள். டேபிள் ஃபேனை வலைக்கு நெருக்கமாக வைத்தால் காற்று உள்ளே வரும். மூடிய அறையில் கொசுவர்த்தி கொளுத்திக்கொண்டு தூங்குவதை என் பிள்ளைகளுக்கு நான் அனுமதிப்பதில்லை.

அறைக்குள் நீங்களே சூட்டைச் சேர்க்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப், சார்ஜர், பழைய குண்டு பல்பு எல்லாமே சிறு அடுப்புகள். எலக்ட்ரிக் கெட்டிலில் இரவு நூடுல்ஸ் வேகவைப்பதை இந்த இரண்டு மாதம் நிறுத்திவையுங்கள், சூடும் ஆவியும் சேர்ந்து அறையைக் கெடுத்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றி உங்கள் அம்மா சொல்லியிருப்பதே போதும். காலையில் நீராகாரம், நடுப்பகலில் உப்புப் போட்ட மோர், கிடைக்கும்போது நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, இளநீர். மண்பானை ஒன்றை ஜன்னலோரம் காற்றுப்படும் இடத்தில், நிழலில் வையுங்கள். நிறைய வேர்த்துத் தளர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய அளவில், கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்பைக் கூட்டக் கூடாது.

ஏப்ரல், மே மாதங்களில் செமஸ்டர் வருவதால் படிப்பு நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை உங்கள் அறையில் உட்கார்ந்து படிப்பது வீண் பாடு, அதுதான் கூரை அனல் உச்சத்தில் இருக்கும் நேரம். அப்போது நூலகமோ தரைத்தள வராந்தாவோ போய்விடுங்கள். நாளின் மிகக் குளிர்ந்த நேரம் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்னால். நான்கு மணிக்கு எழுந்து ஏழு மணி வரை படிக்கும் மூன்று மணி நேரம் இரவு ஆறு மணி நேரத்துக்குச் சமம். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குக் குளிக்கப் போகும் பழக்கம் இருந்தால் ஒரு வார்த்தை. கொள்ளிடத்திலும் காவிரியிலும் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே ஆளை விழுங்கிவிடும். ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையைத் தவிர வேறு இடத்தில் இறங்காதீர்கள்.

தங்கைக்குச் சில வார்த்தைகள். நாகப்பட்டினத்தில் நண்பகலை ஒட்டியே கடல்காற்று புறப்பட்டுவிடும். அதனால் அங்கே கிழக்கு ஜன்னலைப் பகலிலும் திறந்து வைக்கலாம், உங்களுக்குச் சொன்ன பகல் மூடும் கணக்கு அங்கே பொருந்தாது. அந்தக் காற்று தஞ்சாவூருக்கு வந்து சேர மாலையோ இரவோ ஆகிவிடும், மேற்கிலிருந்து வீசும் காற்று பலமாக இருந்தால் வராமலே போகும். கடலோரத்தில் சூடு குறைவு, புழுக்கம் அதிகம். ஆகவே அவருக்குத் தேவை ஈரம் அல்ல, ஓடும் காற்று. பெண்கள் விடுதிகளில் மறைவுக்காக ஜன்னலின் கீழ்ப்பாதியை நிரந்தரமாக அடைத்து வைத்திருப்பார்கள், மொட்டை மாடிக் கதவுக்கும் பூட்டுப் போட்டிருப்பார்கள். பாதுகாப்பு வேண்டியதுதான், அதற்காகக் காற்றையும் பூட்ட வேண்டுமா? ஜன்னலுக்கு வெளியே சாய்வான மூங்கில் தட்டி கட்டினால் மறைவும் இருக்கும், காற்றும் வரும். கத்திரி வெயில் முடியும்வரை, அதாவது மே கடைசி வரை, கடைசி மாடிப் பெண்கள் கீழ்த்தள வராந்தாவிலோ பொது அறையிலோ சேர்ந்து படுத்துக்கொள்ள அனுமதி கேட்டு அவர்களும் மனு கொடுக்கட்டும். நியாயமான கோரிக்கை, தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, அறையில் இருக்கும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளுங்கள். ஜலதோஷத்துக்கும் அலர்ஜிக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் வேர்வையைக் குறைக்கும். அப்படி மருந்து எடுப்பவர்மேல் கூடுதல் கண் இருக்கட்டும். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு என்றால் நிழலில் படுக்கவைத்து உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் தெளிந்துவிடும். ஆனால் பேச்சு குழறினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலோ, வேர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வெப்ப வாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். உடனே 108ஐ அழையுங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கும் வாளித் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி ஃபேனை நேராகத் திருப்புங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். பாராசிட்டமால் இதற்குக் கேட்காது. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.